பக்டன் பைக் மலையில் மோதிய பயிற்சி விமானம்: விமானியின் தவறு என்று முடித்துவிடலாமா?

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பயிற்சிக்காகக் கிளம்பிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று பனிப்புயலில் மலையில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள், பிழைத்த ஒரே ஒருவர் நரியின் காலடித் தடத்தைப் பின்பற்றி இறங்கி உயிர் தப்பினார் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது உண்மையில் நடந்ததா, இல்லை யாரோ கட்டிய கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, எதிரி சுடாதபோது ஒரு விமானம் மலையில் மோதினால் விமானியின் தவறு என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: நடந்தது. இரண்டாவது அப்படியல்ல. இறந்துபோன விமானியின் பெயரில் கணக்கை முடித்துவிடலாமா என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நான் விமானப்படையில் சரக்கு விமானங்களில் நேவிகேட்டராக, அதாவது வழியைக் கணித்துச் சொல்பவனாகப் பறந்தவன். பணிக்காலத்தின் பிற்பகுதியில் இளம் அதிகாரிகளுக்கு விமானப் பாதுகாப்புப் பாடம் நடத்தியவன். விபத்து அறிக்கைகளை வரிவரியாகப் படிப்பது என் வேலையின் பகுதியாக இருந்தது. வரலாற்று ஆய்வாளன் அல்லன். ஆகவே ஆவணத்தில் இருப்பது எது, என் அனுபவத்தைக் கொண்டு நான் ஊகிப்பது எது என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதவை முதலில். நாள், 1942 ஜனவரி 30. விமானத்தின் எண் என்2848. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக்‌ஷையரில் உள்ள பிராம்கோட் தளத்திலிருந்து அது கிளம்பியது. அங்கே இயங்கிய 18ஆம் எண் ஆபரேஷனல் டிரெயினிங் யூனிட், போலந்து வீரர்களைக் குண்டுவீச்சுப் படைக்குத் தயார்செய்யும் பிரிவு. 1939இல் போலந்து வீழ்ந்ததும் ருமேனியா, ஹங்கேரி வழியாகத் தப்பி, பிரான்ஸில் போய்ச் சேர்ந்து, மறு ஆண்டே அதுவும் வீழ்ந்ததும் பிரிட்டனுக்கு வந்தவர்கள் இவர்களில் பலர். வீட்டுக்குக் கடிதம் போடவும் வழியில்லாமல், புதிதாகக் கற்ற மொழியில் கட்டளைகளைக் கேட்டு, பழக்கமில்லாத நாட்டின் வானிலையில் பறந்தவர்கள். அன்று அந்த விமானத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நெடுந்தூர வழிகாணல் பயிற்சி. வரைபடத்தில் குறித்த இடங்களின் மேல் வரிசையாகப் பறந்துவிட்டுத் தளம் திரும்ப வேண்டும். நண்பகலையொட்டி, தளத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடக்கே, யார்க்‌ஷையரின் பக்டன் பைக் என்ற மலையின் முகட்டருகே அந்த விமானம் மோதியது. மலையின் உயரம் 702 மீட்டர். அப்போது அங்கே பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது.

பின்புறத் துப்பாக்கிக் கூண்டில் உட்கார்ந்திருந்தவர் ஜோசப் ஃபுஸ்னியாக். வெலிங்டனில் அந்த இடம் வாலின் கடைக்கோடி. மற்றவர்கள் முன்பக்கத்தில் ஒருவருக்கொருவர் அருகே இருக்க, பின் துப்பாக்கி வீரர் மட்டும் தனியாக, கண்ணாடிக் கூண்டுக்குள், குளிரில் உட்கார்ந்திருப்பார். மோதிய வேகத்தில் வால் பகுதி உடைந்து பிரிந்தது. அதுவே அவர் உயிரைக் காத்தது. கால் முறிந்திருந்தது. தவழ்ந்து போய்ப் பார்த்தபோது தோழர்களில் ஒருவருக்கு மட்டும் உயிர் இருந்தது. அவருக்குத் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு, உதவி தேடிக் கிளம்பினார். எந்தப் பக்கம் போவது? மேகம் மலையை மூடியிருந்தது, பனி விழுந்துகொண்டே இருந்தது, தான் எந்த மலையில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த வெண்மையில் அவர் கண்ணில் பட்டது புதிதாகப் பதிந்த நரியின் காலடித் தடம். இப்படிப்பட்ட நாளில் நரி இரை தேடி மனிதர் வாழும் இடத்தை நோக்கித்தான் போகும் என்று கணித்து, அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, முறிந்த காலுடன் ஊர்ந்தும் நொண்டியும் இறங்கினார். தடம் அவரைக் கிரே என்ற சிற்றூரின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே இருக்கும் ஒயிட் லயன் விடுதியின் பெயர் இந்தக் கதையோடு சேர்த்தே இன்றும் சொல்லப்படுகிறது. மலையில் விட்டுவந்த தோழர் பிழைக்கவில்லை.

நரி விஷயத்தை நம்பலாமா என்பது நியாயமான சந்தேகம். இதற்குச் சாட்சி ஃபுஸ்னியாக் ஒருவர்தான். மலைமேல் வேறு யாரும் உயிரோடு இல்லை. நான் நம்புகிறேன். அவர் போருக்குப் பிறகும் இங்கிலாந்திலேயே வாழ்ந்து, 1970களில் அதே மலைமுகட்டில் தோழர்களுக்காக வெள்ளைச் சிலுவை ஒன்றை எழுப்பினார். அதன் அடித்தளத்தில் விமானத்தின் சிதைந்த துண்டுகளைப் பதித்ததோடு, உலோகத்தில் வார்த்த சிறிய நரித்தலை ஒன்றையும் வைத்தார். ஐந்து பேரின் நினைவிடத்தில் ஒருவர் அப்படி ஒன்றைச் சும்மா வைக்க மாட்டார். தவிர, நரியின் செயலிலும் நம்ப முடியாதது எதுவும் இல்லை. மலையில் பனி மூடிவிட்டால் அந்தப் பக்கத்து நரிகள் பண்ணை வீடுகளையும் கோழிக் கூடுகளையும் நாடி வருவது வழக்கம். உயிர் போகும் நிலையில் அதை யோசித்துப் பார்க்கும் நிதானம் அவருக்கு இருந்ததைத்தான் நான் வியக்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முகட்டுக்கு மேலே பறந்திருக்க வேண்டிய விமானம் ஏன் முகட்டின் உயரத்தில் பறந்தது என்பதற்கு வந்தால், நாம் ஊகத்தின் எல்லைக்குள் நுழைகிறோம். அக்காலத்து விமானங்களில் இன்றுள்ளதுபோல் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் பதிவுசெய்யும் பெட்டி கிடையாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: பிழைத்தவர் பின் துப்பாக்கி வீரர். அவர் முகம் பின்னோக்கி இருக்கிறது. விமானம் கடந்து வந்ததைத்தான் அவர் பார்க்க முடியும், எதை நோக்கிப் போகிறது என்பதை அல்ல. விமானியின் கண்ணுக்கு என்ன தெரிந்தது, நேவிகேட்டரின் மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் கடைசியாக எந்தப் புள்ளி குறிக்கப்பட்டிருந்தது, உயரமானி எந்த எண்ணைக் காட்டியது என்ற மூன்றும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். மூன்றையும் அறிந்தவர்கள் இறந்துவிட்டார்கள்.

ஆனாலும் இது போன்ற விபத்துகள் எப்படி உருவாகின்றன என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1942 ஜனவரியில் பயிற்சி விமானத்து நேவிகேட்டரின் கையில் இருந்தது டெட் ரெக்கனிங் என்ற கணக்கு. திசைகாட்டி சொல்லும் திசை, வேகமானி சொல்லும் வேகம், கடிகாரம், இவற்றோடு வானிலை அலுவலகம் தந்த காற்றின் திசையும் வேகமும். இவ்வளவையும் வைத்து, இத்தனை நிமிடத்தில் இங்கே இருப்போம் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். பரிசலில் ஆற்றைக் கடப்பவர் எதிர்க்கரையின் துறையைக் குறிவைத்துத் துடுப்புப் போட்டாலும் நீரோட்டம் அவரைக் கீழே தள்ளிக்கொண்டு போகும் அல்லவா? விமானத்துக்கு அந்த நீரோட்டம் காற்று. கரை தெரிந்தால் பரிசல்காரர் திருத்திக்கொள்வார். மேகத்துக்குள் இருப்பவருக்குக் கரையே தெரியாது. கணித்ததைவிடக் காற்று 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல், மாறி வீசினால், ஒரு மணி நேரத்தில் விமானம் 37 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. பென்சில் புள்ளி மட்டும் பொய்யாக இருக்கும். நான் கற்றுக்கொண்ட காலத்திலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எங்களுக்குத் தரையிலிருந்து வானொலிக் கருவிகள் துணை நின்றன, தவறினால் ரேடார் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தார். அந்த வசதிகளோடும் மேகத்துக்குள் நெஞ்சு படபடத்த நாட்கள் உண்டு.

இப்போது அந்த 37 கிலோமீட்டரை யார்க்‌ஷையர் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். யார்க் சமவெளி கிட்டத்தட்டக் கடல்மட்டத்தையொட்டிய தட்டையான நிலம்; போர்க்காலத்தில் அங்கே ஏராளமான விமானதளங்கள் இருந்தன. அந்தச் சமவெளியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளிப் போனால் பக்டன் பைக் நிற்கிறது. சமவெளியின் மேல் இருப்பதாக நம்பிக்கொண்டு, மேகத்துக்குக் கீழே இறங்கி ஏதாவது ஒரு ஆறோ ரயில் பாதையோ தென்படுகிறதா என்று பார்க்கலாம் என நினைக்கும் விமானிக்கு அந்த 40 கிலோமீட்டர்தான் சாவுக்கும் வாழ்வுக்கும் இடையிலான தூரம். மேகத்துக்குள் இடம் தெரியாமல் தவிக்கும்போது கீழே இறங்கித் தரையைப் பார்க்க வேண்டும் என்ற உந்துதல் எவ்வளவு வலுவானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பயிற்சியில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் அதற்கு நேர் எதிரானது: இடம் தெரியாவிட்டால் ஏறு, இறங்காதே. ஆனால் ஏறினால் இறக்கையில் பனிக்கட்டி படியும் என்ற பயமும் அதே விமானிக்கு இருக்கும். பனிக்கட்டி எடையைக் கூட்டுவதோடு இறக்கையின் வடிவத்தையே கெடுத்து, தூக்கும் ஆற்றலைப் பறித்துவிடும். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் படிந்தால் எஞ்சின் திணறும்.

பயிற்சி மாணவர்கள் என்பதால் திறமை குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலகத்தைச் சேர்ந்த டி. எம். பட், குண்டுவீச்சின்போது விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் போயிருந்தது என்பது அதன் சாரம். பயிற்சி முடித்து, போர்முனையில் பழகியவர்களின் நிலையே இது. தரை நிலையங்களிலிருந்து வரும் வானொலித் துடிப்புகளைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் ஜீ என்ற கருவி முதன்முதலாகப் பெருந்தாக்குதலில் பயன்பட்டது 1942 மார்ச்சில், பக்டன் பைக் விபத்துக்குச் சில வாரங்கள் கழித்து. ஆகவே அன்று அந்த மேகத்துக்குள் 37 கிலோமீட்டர் பிசகுவது யாருக்கும் நேரக்கூடியதாக இருந்தது. இதை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவு என்று என்னால் எழுத முடியாது.

உயரமானியையும் விட்டுவிடக் கூடாது. அந்தக் கருவி உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து அதை அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. கிளம்பும் தளத்தின் அழுத்தத்துக்கு அதைச் சரிசெய்து வைத்துவிட்டு, அழுத்தம் குறைந்த பகுதிக்குள் பறந்தால், உண்மையான உயரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். காற்றழுத்தத்தின் அலகான மில்லிபார் ஒன்று குறைந்தால் ஏறக்குறைய 30 அடி. பத்து மில்லிபார் குறைந்திருந்தால் 300 அடி, அதாவது 90 மீட்டர். பனிப்புயலைக் கொண்டுவருவது பெரும்பாலும் குறைந்த அழுத்தப் பகுதிதான். அதோடு கடுங்குளிர் சேர்ந்தால் பிழை மேலும் கூடும்; வழக்கமான வெப்பநிலையைவிடப் பத்து டிகிரி குளிர்ந்த காற்றில் ஏறக்குறைய நான்கு சதவீதம். மலைத்தொடரைத் தாண்டி வரும் பலத்த காற்று மறுபக்கத்தில் கீழ்நோக்கிப் பாய்ந்து விமானத்தையும் அமுக்கும். இவை ஒவ்வொன்றும் தனியாக ஆளைக் கொல்லாது. ஒரே நாளில், ஒரே திசையில் எல்லாம் கூடினால், 2,300 அடி மலைக்கு மேலே பத்திரமாக இருக்கிறோம் என்று நினைப்பவர் உண்மையில் மலைக்கு நேராக இருப்பார்.

என்னை எடைபோடச் சொன்னால், வழி விலகியிருந்ததும், தரையைத் தேடி இறங்கியதோ பனிக்கட்டியால் உயரம் இழந்ததோ சேர்ந்ததும்தான் மிக அதிக வாய்ப்புள்ள காரணம் என்பேன். உயரமானியின் பிழை அதற்குத் துணை போயிருக்கலாம். எஞ்சின் கோளாறு என்பதற்கு வாய்ப்பு குறைவு என்று கருதுகிறேன். இது என் கணிப்பு மட்டுமே; இதை நீங்கள் ஆவணம் போல எங்கும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

எஞ்சின் கோளாறு பற்றிச் சொன்னதால், அதே வகை விமானத்துக்கு அதே போன்ற வானிலையில் நேர்ந்த இன்னொரு விபத்தையும் சொல்லத் தோன்றுகிறது. அதில் காரணம் தெளிவாகத் தெரியும். 1940 டிசம்பர் 31. ஸ்காட்லாந்தின் லாஸிமவுத் தளத்திலிருந்த 20ஆம் எண் பயிற்சிப் பிரிவின் வெலிங்டன் என்2980, எட்டுப் பேருடன் வழிகாணல் பயிற்சிக்குக் கிளம்பியது. மலைகளுக்கு மேலே பனிப்புயலில் வலப்புற எஞ்சின் நின்றுபோனது. விமானம் உயரம் இழக்கத் தொடங்கியது. விமானி ஸ்குவாட்ரன் லீடர் மார்வுட்-எல்ட்டன் மற்றவர்களைப் பாராசூட்டில் குதிக்கச் சொன்னார். குதித்தவர்களில் பின் துப்பாக்கி வீரர், 20 வயது இளைஞர், பாராசூட் சரியாக விரியாததால் இறந்தார். மேகத்தின் இடைவெளியில் நீண்ட நீர்ப்பரப்பு ஒன்று தெரிய, விமானியும் துணை விமானியும் அதில் விமானத்தை இறக்கினார்கள். அது நெஸ் ஏரி. இருவரும் இறக்கைமேல் ஏறி, ரப்பர் படகில் கரை சேர்ந்தார்கள். விமானம் மூழ்கி, 1976இல் அந்த ஏரியின் புகழ்பெற்ற விலங்கைத் தேடி வந்த அமெரிக்கக் குழுவின், ஒலியலையால் தேடும் சோனார் கருவியில் தென்பட்டது. 1985 செப்டம்பரில் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்கினார்கள். வெலிங்டனின் உடல் பின்னல் வேலை போன்ற உலோகக் குறுக்குச் சட்டங்களால் ஆனது; பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்தக் கூடு 44 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்தும் உருக்குலையவில்லை. இப்போது அது செய்யப்பட்ட ஊரிலேயே, புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த விமானத்தின் முந்தைய வரலாறுதான் இங்கே முக்கியம். 1939 டிசம்பர் 18இல் ஜெர்மனியை ஒட்டிய ஹெலிகோலாண்ட் கடற்பகுதியில் பட்டப்பகலில் நடந்த வான்போரில் 22 வெலிங்டன்களில் 12 திரும்பவில்லை. திரும்பிய பத்தில் ஒன்று இந்த என்2980. அந்தப் போரில் தப்பிய விமானம், புது மாதிரிகள் வந்ததும் பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளிவிடப்பட்டு, மாணவர்களோடு கிளம்பிய ஒரு பயிற்சியில் ஏரியில் விழுந்தது. பொதுவான நடைமுறையும் அதுதான். நல்ல விமானங்கள் போர்முனைக்கு, ஓடித் தேய்ந்தவை மாணவர்களுக்கு. ஆரம்ப மாதிரி வெலிங்டன்கள் ஒற்றை எஞ்சினில், எடையோடு, மலைகளுக்கு மேலே உயரத்தைக் காத்து நிற்கத் திணறும். அனுபவம் மிகுந்த விமானியையே தடுமாற வைக்கும் விமானத்தை அனுபவம் இல்லாதவரின் கையில் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் 30 தாக்குதல்களை முடித்துவிட்டு ஓய்வுக்காக அனுப்பப்பட்டவர்கள். பறக்கத் தெரிந்தவர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கத் தெரியுமா என்று அவர்களைக் கேட்டு எடுக்கவில்லை. நரம்பெல்லாம் களைத்துப்போன நிலையில் வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வானிலையும் அப்படியே. பிரிட்டனின் வானிலை மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. அமைதிக் காலத்தில் கப்பல்கள் வானொலியில் காற்றழுத்தத்தைச் சொல்லிக்கொண்டே வரும். போர் வந்ததும் நீர்மூழ்கிகளுக்கு இடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கப்பல்கள் வாயை மூடிக்கொண்டன. முன்னறிவிப்பாளரின் பாதிக் கண் குருடானது. ஆனாலும் குளிர்காலத்தில் நல்ல நாளுக்காகக் காத்திருந்தால் பயிற்சி தேங்கிவிடும், அடுத்த தொகுதி மாணவர்கள் வந்து நிற்பார்கள், முன்னணிப் படைகள் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நெருக்கடி எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பக்டன் பைக் விபத்து நடந்து நான்கு மாதம் கழித்து, 1942 மே 30 இரவு கொலோன் நகரின் மீது ஆயிரம் விமானத் தாக்குதல் என்று பெயர் பெற்ற தாக்குதல் நடந்தது. போன 1,047 விமானங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயிற்சிப் பிரிவுகளிலிருந்து திரட்டப்பட்டவை. மாணவர்களையும் ஆசிரியர்களையும் அதே பழைய விமானங்களில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அன்று திரும்பாதவை 41.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் மனம் கனக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் போர்முனைக்கு வெளியே, பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் போனவர்கள். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் நூல்களுக்கு நூல் சில நூறு வேறுபடும், ஏனென்றால் தரை விபத்து, சோதனைப் பறப்பு, தாக்குதலிலிருந்து திரும்பும்போது சொந்த மண்ணில் மோதியது ஆகியவற்றை யார் எந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பது மாறும். அமெரிக்க ராணுவ விமானப்படையும் போர்க்காலத்தில் தன் சொந்த மண்ணிலேயே விபத்துகளில் ஏறக்குறைய 15,000 பேரை இழந்தது.

விமானியின் தவறு என்ற தீர்ப்பு ஏன் போதாது என்பதற்கு அமெரிக்காவின் பி-26 மராடர் விமானத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முன்மாதிரி செய்து பார்க்காமல் வரைபடத்திலிருந்தே ஆர்டர் கொடுத்து வாங்கிய வேகமான விமானம் அது. 1940 நவம்பரில் முதலில் பறந்தது. இறக்கை சிறியது, தரையிறங்கும் வேகம் மிக அதிகம். ஃபுளோரிடாவின் மெக்டில் தளத்தில் பயிற்சியின்போது அவை அடுத்தடுத்து விழுந்ததில், தம்பா விரிகுடாவில் நாளுக்கு ஒன்று என்று வீரர்கள் பாட்டாகவே சொல்லத் தொடங்கினார்கள். எண்ணிக்கை அப்படியே உண்மையல்ல, அச்சம் உண்மை. செனட்டர் ட்ரூமன் தலைமையிலான குழு விசாரித்தது. உற்பத்தியையே நிறுத்திவிடலாமா என்று பேச்சு எழுந்தது. ஆராய்ந்தபோது வெளிவந்தவை: அனுபவமற்ற விமானிகள், அவர்களைப் போலவே அனுபவமற்ற தரைப் பணியாளர்கள், வடிவமைப்பில் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக ஏற்றப்பட்ட எடை. ஜிம்மி டூலிட்டில் போன்ற தேர்ந்த விமானிகள் ஒற்றை எஞ்சினிலும் அதைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று பறந்து காட்டினார்கள், பயிற்சி முறையை மாற்றினார்கள். இறக்கையின் நீளமும் 65 அடியிலிருந்து 71 அடியானது. போர் முடிவில் ஐரோப்பாவில் மராடரின் இழப்பு விகிதம் ஒவ்வொரு நூறு பறப்புக்கும் ஒன்றைவிடக் குறைவு. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. விமானிகளின் வயதும் துணிவும் முன்போலவேதான் இருந்தன. மாறியது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி, பராமரிப்பு, இறக்கை. அப்படியென்றால் முதலில் இறந்தவர்களின் சாவுக்கு அவர்களே காரணம் என்று எழுதியது எவ்வளவு அநியாயம்!

பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் விமானத்திலும் இதே கதை. ஆரம்ப மாதிரிகளில் வாலின் முக்கோண வடிவத் துடுப்புகளால், குறைந்த வேகத்தில் சுக்கான் ஒரு பக்கமாகப் பூட்டிக்கொண்டு விமானம் புரண்டுவிடும். துடுப்பைச் செவ்வக வடிவாக்கிய பிறகுதான் அது தீர்ந்தது. அதுவரை விழுந்த பயிற்சி விமானங்களில் எத்தனை விமானிகளின் பெயரில் தவறு என்று எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு, இதெல்லாம் மேலதிகாரிகளுக்குத் தெரியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தெரியும். பயிற்சியில் இத்தனை பேர் போவார்கள் என்பதைக் கணக்கில் வைத்தே ஆள் சேர்த்தார்கள். 1942 வசந்தத்தில், ஒரு விமானத்துக்கு இரண்டு விமானிகள் என்ற முறையை விட்டு ஒருவர் போதும் என்று மாற்றியதற்கு ஒரு காரணம், விமானிகளின் எண்ணிக்கைத் தேவையைக் குறைத்து ஒவ்வொருவருக்கும் கூடுதல் பயிற்சி கொடுக்கலாம் என்பதுதான். அந்த அளவுக்குச் சிக்கல் புரிந்திருந்தது. ஹிட்லரை எதிர்த்து வேறு வழியில் தாக்க முடியாத நிலையில் இருந்த ஒரு நாடு, அவசரமாகப் பெரும்படை திரட்டியபோது கொடுத்த விலை இது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தை நான் தூக்கி எறியவில்லை. ஆனால் அந்த விலையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள், விபத்துப் பதிவில் விமானியின் பிழை என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுத்ததை என்னால் ஏற்க முடியாது. அந்தத் தீர்ப்பு பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. கடைசி நிமிடத்தில் யாரோ ஒருவர் ஒரு தவறான முடிவை எடுத்திருக்கக்கூடும். அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்திய பத்து முடிவுகளை வேறு யார் யாரோ, கதகதப்பான அறையில் உட்கார்ந்து எடுத்திருந்தார்கள். வகுப்பில் நான் வலியுறுத்தியதும் இதைத்தான். விமானி என்ன செய்தார் என்று கேட்டு நிறுத்தினால் அறிக்கை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த நாளில், அந்த விமானத்தில், அந்த அனுபவத்தோடு அவரை அனுப்பியது யார், எதனால் என்று கேட்கத் தொடங்கினால்தான் அடுத்த விமானம் தப்பும்.

இன்னும் ஆழமாகத் தேட விரும்பினால் வழி இருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்கும் 1180ஆம் எண் படிவம் என்ற அட்டை ஒன்றை நிரப்பினார்கள். அவை பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில வரிகளே இருக்கும், சுருக்கெழுத்துகள் மிகுதி. காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை இறுதி உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சிப் பிரிவுகளின் நாட்குறிப்பான 540ஆம் எண் படிவங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏஐஆர் 29 என்ற வரிசையில் கிடைக்கும். அன்றைய வானிலை, எத்தனை விமானங்கள் கிளம்பின, எத்தனை பாதியில் திரும்பின என்பதை அதில் பார்க்கலாம். மற்ற விமானங்களைத் திரும்ப அழைத்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். அது தெரிந்தால் நான் மேலே சொன்ன ஊகத்தில் ஒரு பகுதி உறுதியாகும் அல்லது விழுந்துபோகும். போலந்து வீரர்கள் என்பதால், லண்டனில் உள்ள சிகோர்ஸ்கி அருங்காட்சியகத்தின் போலிஷ் ஆவணங்களையும் விட்டுவிடாதீர்கள். இறந்தவர்களின் பெயர்களுக்கு லிங்கன் நகரின் பாம்பர் கமாண்ட் நினைவு மையத்தைப் பாருங்கள். அங்கே எஃகுச் சுவர்களில் ஏறக்குறைய 58,000 பெயர்கள் இருக்கின்றன; ஜெர்மனியின் மேல் இறந்தவர், யார்க்‌ஷையர் மலையில் இறந்தவர் என்று பிரிக்காமல் எல்லோரின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பெயர் கிடைத்துவிட்டால் அதை வைத்து மற்ற ஆவணங்களைத் தேடுவது எளிது.